பச்சை லைட்டு எரியுது மாப்பிள்ளை, போன் எங்கே பேசுது?

மாப்பிள்ளை, முதல்ல ஒரு சபாஷ் வாங்கிக்குங்க. சிங்கப்பூர் சுவா சூ காங்ல, பதினோராவது மாடியில, வீவக அடுக்குமாடி வீட்டுக்குள்ள சொந்தமா டவர் வச்சிருக்கிற ஆள் நம்ம வம்சத்துலயே நீங்க ஒருத்தர்தான். ஜன்னலோரம் ஒரு ஆன்டெனா, ஹால் கூரையில ஒரு ஆன்டெனா, நடுவுல ஆன்லைன்ல வாங்கின சிக்னல் பூஸ்டர் டப்பா, அந்த டப்பாவுல ஒரு பச்சை லைட்டு. "பூஸ்டர் சூப்பரா வேலை செய்யுது"ன்னு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் அந்த லைட்டைத்தான் காட்டுறீங்க. பார்க்கிறவங்களும் மரியாதைக்குத் தலையாட்டுறாங்க. அதே நேரம் என் மக போனைக் காதுல வச்சுக்கிட்டு "ஹலோ ஹலோ"ன்னு லிஃப்ட் பக்கமா ஓடுறா. அதை மட்டும் நீங்க யாருக்கும் காட்டுறதில்ல.

லைட்டு எரிஞ்சா கரண்ட் வருதுன்னு அர்த்தம். அதுக்கு மேல அதுல ஒரு சேதியும் கிடையாது. கரண்ட் பில் அனுப்புறவங்க வேணா சந்தோஷப்படலாம்.

நான் மன்னார்குடி சுத்துவட்டாரத்துல காலம்பூரா மைக் செட் ஓட்டினவன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், அம்மன் கோயில் திருவிழான்னு ஆம்பிளிபயரோடயே குடும்பம் நடத்தினவன். அந்த உரிமையில சொல்றேன். ஆம்பிளிபயருக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணுதான்: உள்ள வந்ததைப் பெருசாக்கி வெளியில விடும். வந்தது பாட்டா, பக்கத்துல ஓடுற ஜெனரேட்டர் இரைச்சலான்னு அது விசாரிக்காது. உங்க பூஸ்டரும் அந்த ரகம்தான். படிச்சவங்க பெரிய பேரு வச்சிட்டதால அதுக்குப் புத்தி வந்துடாது.

லைட்டை விட்டா நீங்க அடுத்து சாட்சிக்கு இழுக்கிறது போன் மூலையில நிக்கிற கோடுங்களை. "பாருங்க மாமா, முன்னாடி ரெண்டு கோடு, இப்ப நாலு." சரிதான். அந்தக் கோட்டைப் போட்டது யாரு? போன் செஞ்ச கம்பெனி. எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடுன்னு உலகத்துக்கே பொதுவா ஒரு சட்டம் கிடையாது, அவங்கவங்க இஷ்டம். 2010-ல ஐபோன் 4 வந்தப்ப, ஓரத்தை இறுக்கிப் பிடிச்சா கோடெல்லாம் சடசடன்னு விழுதுன்னு ஊரே கத்துச்சு. அப்ப ஆப்பிள் கம்பெனியே ஒரு கடுதாசி போட்டுச்சு: கோடு கணக்குப் போடுற சூத்திரமே தப்பு, நிறைய நேரம் இருக்க வேண்டியதை விட ரெண்டு கோடு கூடுதலாக் காட்டிட்டோம்னு. செஞ்சவனே ஒத்துக்கிட்ட பொய்யை நீங்க இன்னும் கைவிடாம நம்புறீங்க பாருங்க, அந்த விசுவாசத்தைப் பார்த்துத்தான் என் பொண்ணையே கொடுத்தேன்.

நிஜம் வேணும்னா எண்ணைப் பாருங்க. ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸுக்குள்ள போனைப் பத்தின பக்கம் இருக்கும், அதுல சிம் நிலவரம் இருக்கும், அங்க சிக்னல் வலிமைன்னு டிபிஎம் கணக்குல ஒரு எண் நிக்கும். ஐபோன்னா *3001#12345#*ன்னு அடிச்சு கூப்பிடுங்க. யாரும் எடுக்க மாட்டாங்க, ஆனா போனோட உள் விவகாரம் எல்லாம் திறக்கும். அதுல ஆர்எஸ்ஆர்பின்னு போட்டிருக்கிறதுதான் 4ஜி வலிமை. எண்ணுக்கு முன்னால மைனஸ் இருக்கும், அதை முழுங்கிடாதீங்க. மைனஸ் 80 நல்ல சிக்னல். மைனஸ் 100 சுமார். மைனஸ் 120-ன்னா பால் ஊத்துற நேரம் வந்துடுச்சு. மைனஸுக்குப் பின்னால நிக்கிற எண் பெருசாக ஆக நிலைமை மோசம். சம்பளம் வாங்குற பழக்கத்துல 120-ஐப் பார்த்துட்டு 80-ஐ விட ஒசத்தின்னு பாயசம் வச்சுடாதீங்க.

அந்தக் கணக்குல இன்னொரு சூட்சுமம் இருக்கு. பத்து எண் பூஜ்யத்தை நோக்கி மேல வந்தா சக்தி பத்து மடங்கு. இருபது வந்தா நூறு மடங்கு. முப்பது வந்தா ஆயிரம். மூணே எண் வந்தாலும் ரெண்டு மடங்கு. மைனஸ் 100-ங்கிறது எவ்வளவுன்னு கேக்குறீங்களா? ஒரு வாட்டைப் பத்து லட்சம் கோடிப் பங்கா வெட்டுங்க, அதுல ஒரு பங்கு. அந்தத் துளியை வச்சுக்கிட்டு உங்க போன் ஊர்ல இருக்கிற உங்க அம்மா குரலைக் கொண்டாந்து சேர்க்குது. நாம என்னடான்னா பக்கத்து ரூம்ல இருக்கிற பொண்டாட்டி கூப்பிடுறது கேக்கலைங்கிறோம்.

இப்ப சோதனைக்கு வருவோம். மூணு சாமான் போதும். ஒரு போன், தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளு ஒண்ணு, கொஞ்சம் பொறுமை. மூணாவது உங்ககிட்ட இல்லைன்னா என் மககிட்ட கேளுங்க. கல்யாணமானதுலேர்ந்து அதைத்தான் சேர்த்து வச்சிருக்கா.

முதல் காரியம், டப்பாவை அணைங்க. ஆமா, அணைங்க. பூஸ்டர் வாங்கினவங்க எல்லாரும் எரிய வச்சுத்தான் பார்க்கிறாங்க, ஒருத்தரும் அணைச்சுப் பார்க்கிறதில்ல. காசு கொடுத்து வாங்கினதை அணைக்க மனசு வராது. ஆனா அணைச்சாத்தான் அது இவ்வளவு காலமா என்ன கிழிச்சுதுன்னு தெரியும். அணைச்ச பிறகும் வீட்டுல ஒரு குறையும் வரலைன்னா, எரியிறப்பவும் அது ஒண்ணும் செய்யலைன்னு அர்த்தம். சில ஆபீஸ்ல சில மேனேஜருங்க லீவு போட்டாலும் இந்த உண்மை தெரிய வரும், ஆனா அது நமக்கு எதுக்கு.

அணைச்சாச்சா? ஹால் நடுவுல நில்லுங்க. போனை விமானப் பயன்முறையில போட்டு எடுங்க, அப்பத்தான் பழைய தொடர்பை விட்டுட்டுப் புதுசா டவரைத் தேடும். ஒரு நிமிஷம் பொறுங்க, எண் நிலைக்கட்டும், எழுதிக்குங்க. அப்புறம் படுக்கை ரூம், அடுக்களை, பாத்ரூம் வாசல். எல்லா இடமும் முடிஞ்சதும் டப்பாவைப் போடுங்க. அதே இடம், அதே போன், அதே சிம், போனைப் பிடிக்கிற வாக்கும் அதே. மறுபடி எழுதுங்க. காலையில பார்த்ததை ராத்திரி எட்டு மணியோட ஒப்பிடாதீங்க. புளோக்ல இருக்கிற அத்தனை பேரும் நாடகம் பார்க்கிற நேரத்துல டவருக்கு மூச்சு முட்டும். எண் தானாவே நாலு அஞ்சு மேலயும் கீழயும் ஆடும், நீங்க திரும்பி நின்னாலே மாறும். அதனால அஞ்சு எண் மேல வந்துடுச்சுன்னு ஆரத்தி எடுக்காதீங்க. பத்து, பதினஞ்சுன்னு நிலையா மேல வந்தா டப்பா ஏதோ செய்யுதுன்னு நம்பலாம்.

வைஃபையை அணைக்க மறந்துடாதீங்க. போன வாரம் உங்க கூட்டாளி வந்தப்ப "பாருங்க, யூடியூப் எவ்வளவு வேகமா ஓடுது"ன்னு பெருமையா காட்டினீங்களே, அது உங்க வீட்டு ஃபைபர் இணையத்துல ஓடுச்சு. பூஸ்டர் பேருக்குப் பக்கத்துல உக்காந்திருந்துச்சு. வைஃபை வழியாப் போன் பேசுற வசதி இருந்தா அதையும் நிறுத்திட்டுத்தான் சோதிக்கணும். இல்லைன்னா ஒருத்தன் உழைப்புக்கு இன்னொருத்தன் மாலை வாங்கிட்டுப் போயிடுவான்.

பாம் ஷெல்டருக்குள்ளயும் ஒரு தடவை அளந்து பாருங்க. 1998-லேர்ந்து இங்க புதுசா கட்டுற வீட்டுக்கெல்லாம் சட்டப்படி அந்த அறை உண்டு. குண்டு விழுந்தாலும் உள்ள இருக்கிறவங்களைக் காப்பாத்தணும்னு கம்பி கட்டின தடிமன் காங்கிரீட்டு, அதுக்கு இரும்புக் கதவு. குண்டையே தடுக்கிற சுவரு உங்க சிக்னலை மட்டும் "வாங்க தம்பி"ன்னு உள்ள விடுமா? நீங்க என்னடான்னா அரிசி மூட்டை, பழைய சூட்கேஸ் நடுவுல மேசை போட்டு அதையே ஆபீஸ் ரூம் ஆக்கிட்டு, "இங்க மட்டும் லைன் கட்டாகுது"ன்னு ஆச்சரியப்படுறீங்க. அந்தச் சுவரை உடைக்கவும் கூடாது. மேசையைத் தூக்கி ஹால்ல போடுறதுக்கு எந்த அனுமதியும் வேண்டாம், டப்பாவும் வேண்டாம்.

அடுத்தது, வெளி ஆன்டெனா இருக்கிற ஜன்னல்ல போய் அளங்க. அங்க என்ன வருதோ அதைத்தான் டப்பா பெருசாக்க முடியும். அங்கயே மைனஸ் 120-ன்னா பெருசாக்க ஒண்ணுமில்ல, வெறும் இரைச்சல்தான் கொழுக்கும். உங்க ஜன்னல் தெங்கா பக்கம் பார்த்தது. கொஞ்ச காலம் முன்னாடி வரைக்கும் அங்க காடு, இப்ப புளோக் மேல புளோக்கா எழும்பிக்கிட்டு இருக்கு. புதுசா ஒரு கட்டடம் குறுக்க வந்தா நேத்து வந்த சிக்னல் இன்னைக்கு வேற வழி தேடும். அது டப்பா குத்தமும் இல்ல, உங்க ஜாதகமும் இல்ல.

இதுக்கு நேர்மாறாவும் நடக்கும். மாடி உசரம்கிறதால பல டவர் ஒரே நேரத்துல கண்ணுல படும். அப்ப வலிமை எண் அமோகமா இருக்கும், பேச்சு மட்டும் கரகரன்னு அறுந்து விழும். ஏன்னா எல்லா டவரும் ஒரே சமயத்துல பேச, போனுக்கு யார் பேச்சைக் கேக்குறதுன்னு தெரியல. சத்தத்துக்கும் தெளிவுக்கும் தனித்தனி எண் இருக்கு. ஐபோன்ல அதே பக்கத்துல எஸ்ஐஎன்ஆர்னு இருந்தா அது தெளிவோட கணக்கு, கூடக்கூட நல்லது. தெளிவே இல்லாத இடத்துல பூஸ்டர் வச்சா குழப்பம்தான் பெருசாகும். நம்ம வீட்டுக் கல்யாணத்துல சித்தப்பா பெரியப்பா எல்லாரும் சேர்ந்து சீர் பேசினப்ப நான் மைக்கை அணைச்சது இந்த ஞானத்துலதான்.

எண்ணெல்லாம் பாஸாயிடுச்சுன்னா பேசிப் பாருங்க. எப்படிப் பேசணும்? "உங்க குரல் எனக்குக் கேக்குது"ன்னு நீங்க சொல்றது பாதிச் சோதனை. டவர்லேர்ந்து போனுக்கு வர்றது ஒரு வழி, போன்லேர்ந்து டவருக்குப் போறது இன்னொரு வழி. சில டப்பாவுக்கு வர்ற வழி திறந்திருக்கும், போற வழி அடைச்சிருக்கும். உங்களுக்கு எல்லாம் தேனா கேக்கும். அந்தப் பக்கம் இருக்கிறவர் "தம்பி, லைன்ல இருக்கீங்களா"ன்னு கதறுவார். அதனால எதிராளியைக் கேளுங்க. ஒரு படத்தையோ வீடியோவையோ அனுப்பி, போக எவ்வளவு நேரமாகுதுன்னு பாருங்க.

இப்ப அந்தப் பச்சை லைட்டு சில நேரம் சிவப்பாகித் துடிக்குதே, அதுக்கு வருவோம். நீங்க அதை அலங்கார லைட்டுன்னு நினைச்சு தீபாவளிக்கு விட்டு வச்சிருந்தீங்க. அது எங்க தொழில்ல தினம் பார்த்த வியாதி. மைக்கைக் கொண்டுபோய் ஸ்பீக்கருக்கு முன்னால பிடிச்சா "கூ...ய்ய்"ன்னு ஒரு ஊளை கிளம்புமே, அதேதான். மைக்குல போனது ஸ்பீக்கர்ல வந்து, ஸ்பீக்கர்ல வந்தது மறுபடி மைக்குல போய், ஒண்ணையொண்ணு ஊட்டி வளர்க்குது. இங்க மைக்கு உங்க ஜன்னல் ஆன்டெனா, ஸ்பீக்கர் ஹால் ஆன்டெனா. டப்பா 60 டெசிபெல் பெருக்கம்னு அட்டையில போட்டிருக்கான். அப்படின்னா பத்து லட்சம் மடங்கு. உள்ள விடுற சத்தம் வெளி ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அதை விட அதிகமா தேஞ்சு போகணும், அதுக்கு மேல இன்னும் பத்து பதினஞ்சு டெசிபெல் கையிருப்பு வேணும். தனி வீட்டுல ஒண்ணைக் கூரை மேலயும் ஒண்ணைக் கீழ் அறையிலயும் வச்சா அந்த இடைவெளி கிடைக்கும். உங்க ஹாலுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல இருக்கிறது ஒரு சோபா. சோபா எவ்வளவு விலையானாலும் டெசிபெல் தடுக்காது.

நல்ல டப்பான்னா ஊளை வந்ததும் தானே பெருக்கத்தைக் குறைச்சுக்கும், இல்லைன்னா அணைஞ்சுக்கும். அதனாலதான் லைட்டு எரியுது, எண் ஏற மாட்டேங்குது. மட்ட ரக டப்பா ஊளையோடயே ஓடும். எங்க மைக் செட் ஊளையிட்டா ஊரே காதைப் பொத்தும், நாலு பேரு வந்து திட்டுவான், நாமளும் திருத்திக்குவோம். இந்த ஊளை யாரு காதுக்கும் கேக்காது. டவருக்கு மட்டும் கேக்கும். அது அந்த இரைச்சல்ல செவிடாகி, சுத்தி இருக்கிற புளோக்குங்களோட போன் எல்லாம் தடுமாறும். கீழ் மாடியில ஒரு பாட்டி ஆம்புலன்ஸுக்கு 995 அடிக்கிற நேரத்துல உங்க டப்பா குறுக்க கத்திக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கு?

ஆன்டெனாவைத் தள்ளி வைக்கிறேன்னு துணி காயப்போடுற மூங்கில் கழியோட நுனியில கட்டி வெளியில நீட்டலாமான்னு ஒரு யோசனை உங்க மனசுல ஓடுது, முகத்துலயே தெரியுது. பதினோராவது மாடியிலேர்ந்து அது யாரு தலையில விழுந்தாலும் சிக்னல் இல்லாமலே போலீஸ் வந்துடும்.

டப்பா எந்த அலைவரிசை பேசுதுன்னு அட்டையில பார்த்தீங்களா? 2ஜி இங்க 2017 ஏப்ரல்லயே மூடியாச்சு. 3ஜியும் 2024 அக்டோபர் கடைசியோட முடிஞ்சுது. அதுங்களை மட்டும் தெரிஞ்ச பழைய டப்பா இப்ப யாரும் இல்லாத சந்தையில கூவி விக்குது. அமெரிக்காவுக்குன்னு செஞ்ச டப்பா 850, 1900 மெகாஹெர்ட்ஸ்ல மும்முரமா உழைக்கும். இங்க 4ஜி 900, 1800, 2100, 2600-ல ஓடுது, 5ஜிக்கு 3500-ம் உண்டு. "எல்லா நாட்டுக்கும் பொருந்தும்"னு அட்டையில போட்டிருக்கிறது கரண்ட் பிளக்கைப் பத்தி மாப்பிள்ளை.

முன்னே போன் பின்னால ஒட்டுற தங்க நிற ஸ்டிக்கர் ஒண்ணு வித்தாங்க, ஒட்டினா சிக்னல் பிச்சுக்கும்னு. அதுல பேட்டரியும் இல்ல, ஆம்பிளிபயரும் இல்ல, பெருசாக்குறதுக்கு வழியே இல்ல. ஒட்டி ஒரு தடவை, உரிச்சு ஒரு தடவை எண்ணைப் பார்த்தா அங்கயே சாயம் வெளுத்திருக்கும். தேக்கா கடையில வாங்கினாலும் சரி, ஆன்லைன்ல வாங்கினாலும் சரி, அணைச்சு ஒரு தடவை போட்டு ஒரு தடவை பார்க்காம எந்தப் பொருளுக்கும் பாராட்டுப் பத்திரம் எழுதாதீங்க.

இவ்வளவும் சோதிச்சு எல்லாத்துலயும் டப்பா பாஸாயிடுச்சுன்னு வச்சுக்குவோம். அப்பத்தான் நிஜமான சிக்கலே. இந்த ஊர்ல அலைவரிசை சும்மா கிடைக்கிறதில்ல. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பான்னு கம்பெனிங்க ஏலத்துல எடுத்து, உரிமம் வாங்கி நடத்துறாங்க. அதே அலைவரிசையில உங்க வீட்டுப் பெட்டி ஒலிபரப்பினா, அது உரிமம் இல்லாம வானொலிக் கருவி நடத்துற கணக்குல வரும். தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம், நீங்க ஐஎம்டிஏங்கிறீங்களே, அவங்க அனுமதி இல்லாம நடத்துறது சட்டப்படி குத்தம். பூஸ்டர் வீட்டுக்கு வீடு விக்கிற அமெரிக்காவுலகூட 2013-ல எஃப்சிசி ஆணையம் விதி போட்டுச்சு: தரம் பார்த்த டப்பாவா இருக்கணும், போன் கம்பெனிகிட்ட பதிவு பண்ணி சம்மதம் வாங்கணும்னு. நம்ம இந்தியாவுலயும் தொலைத்தொடர்புத் துறைக்காரங்க சோதனை போட்டுப் பூஸ்டரைப் பிடிக்கிற சேதி பேப்பர்ல வருது. ஆக, டப்பா வேலை செய்யலைன்னா காசு நட்டம். வேலை செஞ்சா கேஸு. இப்படிப்பட்ட பொருளைத் தேடிப் பிடிச்சு, ஃப்ரீ டெலிவரியில வாங்குறதுக்கும் ஒரு தெறமை வேணும்.

அப்ப என்னதான் செய்யிறது? ரெண்டு காரியம் சொல்றேன். ரெண்டுக்கும் பெட்டி வேண்டாம். முதல்ல போன் செட்டிங்ஸ்ல வைஃபை வழியா அழைக்கிற வசதியைப் போடுங்க, உங்க கம்பெனி கொடுக்குதான்னு கேட்டுக்குங்க. மாசாமாசம் ஃபைபருக்குக் காசு கட்டுறீங்களே, பேச்சும் அதுலயே போகட்டும். அது ஓடுதான்னு சோதிக்கிறதும் சுலபம். விமானப் பயன்முறையைப் போட்டு, வைஃபையை மட்டும் திறந்து, என் மகளுக்கு ஒரு கால் பண்ணுங்க. மணி அடிச்சா சங்கதி முடிஞ்சுது. பாம் ஷெல்டர்லயும் பேசணும்னா கதவைத் திறந்து வைங்க, இல்லைன்னா வைஃபையும் அந்தச் சுவர்ல முட்டிக்கிட்டு நிக்கும்.

ரெண்டாவது, நாம எழுதின அந்தக் காலண்டர் தாளு. டப்பாவை அணைச்சுட்டு அளந்த எண்ணுங்களை இடம், நேரத்தோட எடுத்துக்கிட்டு உங்க போன் கம்பெனிக்குச் சொல்லுங்க. "சிக்னல் சரியில்லைங்க"ன்னு சும்மா சொன்னா, "போனை அணைச்சுப் போடுங்க சார்"னு அவங்களும் சும்மா சொல்லுவாங்க. "படுக்கை ரூம்ல ராத்திரி ஒம்பது மணிக்கு மைனஸ் 118, ஜன்னல்ல மைனஸ் 96"ன்னு சொல்லிப் பாருங்க, அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்கார்ற சத்தம் கேக்கும். கவரேஜ் இவ்வளவு இருக்கணும்னு ஐஎம்டிஏ போன் கம்பெனிங்களுக்கு அளவுகோல் வச்சிருக்கு. உள்ள கருவி வைக்கணும்னா அதை வைக்க உரிமை உள்ளவங்களும் அந்தக் கம்பெனிக்காரங்கதான். வச்சுக் கொடுத்தா அதையும் அணைச்சுப் போட்டு அளக்க மறக்காதீங்க.

கடைசியா ஒரு சந்தேகம். தப்பா நினைச்சுக்காதீங்க. நான் உக்காந்த இடத்துலேர்ந்து கவனிச்சதுல, இந்த வீட்டு சிக்னல் ஆள் பார்த்துத்தான் விழுது. உங்க கூட்டாளி கூப்பிட்டா கணீர்னு கேக்குது. ஊர்லேர்ந்து உங்க மச்சான் கைமாத்துக்குக் கூப்பிட்டா மட்டும் "மச்சான், லைன் விட்டு விட்டு வருது"ங்கிறீங்க. உங்க மேனேஜர் சனிக்கிழமை கூப்பிட்டாலும் அதே கதை. எந்த டிபிஎம் எண்ணும் இதுக்கு விளக்கம் சொல்லல. அதனால வைஃபை அழைப்பைப் போடுறதுக்கு முன்னாடி நல்லா யோசிச்சுக்குங்க மாப்பிள்ளை. போட்டுட்டா எல்லாரும் கணீர்னு கேப்பாங்க, மச்சானும் சேர்த்து. அவனுக்கு நான் ஏற்கெனவே சொல்லி வச்சுட்டேன், வர்ற சனிக்கிழமையே கூப்பிட்டுச் சோதிச்சுப் பாருடான்னு.